மெயில்ல இடமில்லீங்க

சித்த இருங்க தம்பி, உக்காந்துராதீங்க. ஒருக்காத் தொடைச்சுக்கலாம். பாருங்க, சீட்டு பூராக் கடலைத் தோலு. தின்னவன் தின்னுபோட்டு எந்திரிச்சுப் போயிட்டான். அடுத்து ஒருத்தன் வந்து உக்காருவானேன்னு ஒரு நெனப்பு வேண்டாம்? ச்சை. சனங்களா இதுக.

ஆங், இப்ப உக்காருங்க. சன்னலோரம் நீங்களே வெச்சுக்கோங்க. முன்னால உக்காந்திருக்கறவன் எப்பத் துப்புவான்னு சொல்ல முடியாது. பஸ்ஸு போற வெசைக்கு அது நேரா நம்ம மூஞ்சிக்குத்தான் வரும். எனக்கு அனுபவம்ங்க.

கரூர் போறேன். மக வீட்டுக்கு. நீங்க வெள்ளகோயிலா? அப்ப ரொம்ப தூரம் சேந்தாப்பலதான்.

என்ன தம்பி அது, போன்ல? படமா? மெயில்ல அனுப்பறீங்களா? சொல்றனேன்னு கோவிச்சுக்காதீங்க, அதைச் சின்னதாக்கி அனுப்புங்க. அப்படியே முழுசா அனுப்புனா வாங்கறவனோட இடத்தையெல்லாம் அது முழுங்கிப்போடும். எனக்கெப்படித் தெரியும்னா, இந்தக் கருமத்துனாலதான் நான் இன்னைக்கு இருக்கற வீட்ட உட்டுபோட்டு இந்த பஸ்ஸுல உக்காந்திருக்கேன்.

என்ற பேரு நாச்சிமுத்துங்க. மில்லுல ஆபீஸ் சூப்பிரண்டா இருந்து ரிட்டையர் ஆனவன். இருகூர்ப் பக்கம் ஒரு அபார்ட்மென்ட்டுல மூணாவது மாடி. போன மழைக்காலம் வரைக்கும் அங்க அசோசியேஷன் செக்ரட்டரி நான்தான். யாரும் நிக்க மாட்டேன்னாங்க, என்ற தலைல கட்டுனாங்க. சரி, கட்டுனது கட்டுனீங்க, ஒரு முறையோட நடத்துவோம்னு ஒரே ஒரு சட்டம் போட்டேன். புகார் எதுவா இருந்தாலும் மெயில்ல வரணும். படத்தோட வரணும். வாயில சொன்னா நான் கேக்க மாட்டேன்.

ஏன்னா வாயில சொல்றது காத்தோட போயிரும்ங்க. மில்லுல ஒரு தடவை வாச்மேன் ஓடி வந்து, "சார், குடோன்ல பொகை வருது"ன்னான். எழுதிக் குடுன்னேன். அங்கீயே நின்னு எழுதிக் குடுத்தான். பின்னால என்கொயரி வந்தப்ப மேனேஜர்ல இருந்து எல்லாரும் முழிச்சாங்க. என்ற கைல பேப்பர் இருந்துச்சு. குடோன் போனது போயிருச்சு, அது வேற. என்ற மேல ஒருத்தன் விரல நீட்ட முடிஞ்சுதா?

அந்த முறைதான் இங்கீயும். ஆனா அங்க இருந்தது மனுசங்க. இங்க இருக்கறதுக... நான் என்னத்தச் சொல்ல.

படத்தோட அனுப்புங்கன்னு சொன்னது தப்பாப் போச்சு தம்பி. ரெண்டாவது மாடில தாமோதரன்னு ஒருத்தர். பெரிய படிப்பு படிச்சவர். கார் நிறுத்தற எடத்துல நாய் அசிங்கம் பண்ணிருச்சாம். அதை ஒரு படம் எடுத்தாப் பத்தாதா? முன்னால, பின்னால, மேல நின்னு, குனிஞ்சு... அது எவ்வளவு பெரிசுன்னு எனக்குத் தெரியணும்னு பக்கத்துல ஒரு தீப்பெட்டிய வெச்சு வேற எடுத்திருக்கார். படம் எடுத்த நேரத்துக்கு ஒரு சொம்பு தண்ணி ஊத்தியிருந்தாப் போயிருக்கும்ங்க.

இன்னொருத்தி குளியல் ரூம் பைப்பு அடைச்சிருச்சுன்னு உள்ள இருந்து எடுத்த மசுரு உருண்டையப் பேப்பர்ல வெச்சுப் படம் அனுப்பறா. லிஃப்ட்டு மூலைல யாரோ வெத்தல துப்புனது. மாடிப்படில செத்த எலி, அது ஊதுன பொறவு ஒரு படம், ஊதறதுக்கு முன்னால ஒரு படம். அப்ப ஊதற வரைக்கும் அங்கீயேதான கெடந்திருக்குது? எல்லாம் நான் சோத்துல கைய வெக்கற நேரமாப் பாத்து வரும். டிங்குனு சத்தம் கேட்டாலே தட்டத் தள்ளி வெச்சுருவேன்.

நான் சும்மா இருக்கலைங்க. வந்த ஒவ்வொரு படத்தையும் எல்லா வீட்டுக்கும் திருப்பி அனுப்புவேன். "பாருங்கள், நம் குடியிருப்பின் லட்சணம்"னு மேல எழுதி. சனங்களுக்கு வெக்கம் வரட்டும்னுதான். வந்துச்சா? எங்க? மறுநாள் நாலு படம் சேத்தி வந்துச்சு.

போன ஐப்பசில மழை விடாமப் புடிச்சுது பாருங்க, அப்பத்தான் மெயில்ல செவப்பா ஒரு எழுத்து வந்து நின்னுது. இடம் நிரம்பிருச்சாம். இனிமே எனக்கு யாரு என்ன அனுப்புனாலும் உள்ள வராதாம், அனுப்புனவங்களுக்கே திரும்பிப் போயிருமாம்.

பதறாம ஒன்னு பண்ணுனேன். கீழ நோட்டீஸ் போர்டுல ஒட்டுனேன். "செயலாளரின் மெயில் சுத்தம் செய்யப்படுகிறது. முடியும்வரை புகார்கள் ஏற்கப்படமாட்டா." ஒட்டிப்போட்டு மேல வந்து உக்காந்தேன்.

உக்காந்தவன்தாங்க. குளிக்க எந்திரிப்பேன், திங்க எந்திரிப்பேன். நீங்க நெனப்பீங்க, அழிக்கறதுக்கு என்ன, ஒரு அமுக்கு அமுக்குனாப் போச்சுன்னு. அப்படிக் கண்ண மூடிட்டு அழிக்க நான் என்ன பொறுப்பில்லாதவனா? ஒவ்வொன்னாத் தொறந்து பாத்துத்தான் அழிச்சேன். நாயோடது, எலி, மசுரு, எச்சி. ஒருக்காப் பாத்ததையே சகிக்க முடியலைன்னா இத்தனையையும் வரிசையா, மறுக்கா... தீவாளிக்குச் செஞ்ச முறுக்கக்கூட என்னால வாயில வெக்க முடியல. அந்த எலி நெனப்புக்கு வந்துரும்.

இத்தனையும் அழிச்சுப்போட்டுப் பாத்தா இடம் துளிகூட ஆகலைங்க! அப்படியே நிக்குது செவப்பெழுத்து. மாப்பிள்ளைக்கு, அதான் கரூர்ல இருக்கற மருமகப்பிள்ளைக்கு, போன் போட்டேன். அவருதான் சொன்னாரு, "மாமா, அழிச்சதெல்லாம் எங்கீயும் போகல. அங்கீயே குப்பைத்தொட்டின்னு ஒன்னு இருக்கும், அதுக்குள்ள கெடக்கும். அதையும் காலி பண்ணுனாத்தான் இடம் வரும்"னு. எனக்கு ஒடம்பெல்லாம் கூசிப்போச்சு. இத்தனை நாளா அந்த அசிங்கத்த ஒரு ரூமுல இருந்து இன்னொரு ரூமுக்குத்தான் மாத்தியிருக்கறேன்!

அவரே இன்னொன்னும் சொன்னாரு. "நீங்க அனுப்புன மெயில்தான் மாமா பெரிசு பெரிசா இருக்கும். ஒரே படத்த எல்லாருக்கும் மாத்தி மாத்தி அனுப்பியிருக்கீங்க. அத மொதல்ல அழிங்க"ன்னு.

நல்லவருதான் மாப்பிள்ளை. ஆனா விவரம் பத்தாது. நான் அனுப்புனது எல்லாம் ஆதாரம்ங்க. நாளைக்கு ஒருத்தன் கேள்வி கேட்டா எதைக் காட்டறது? அவங்க அனுப்புனதுதான் குப்பை. நம்முளது ரெக்கார்டு. அத நான் தொடல.

இந்த வேலை நடந்திட்டிருக்கறப்பத்தான் ரெஜினா வந்தா. கீழ வீட்டுப் பொண்ணு. புருஷன் மஸ்கட்ல. இவ பேக்கரில வேலைக்குப் போறா. ஜெனிலான்னு ஒரு கொழந்தை, மூணாவது படிக்குது. ரெஜினா கைல ஒரு பாட்டில் தண்ணியப் புடிச்சுட்டு வாசல்ல நிக்கறா.

"சார், இத மோந்து பாருங்க. கொழாயில ஒரு மாதிரி நாத்தம் வருது. கீழ சம்ப்புத் தொட்டில என்னமோ கலந்திருச்சுங்க சார்."

மூஞ்சிக்கு நேரா நீட்டறா தம்பி! யாராச்சும் நாறுதுங்கறத மூக்குக்கு நேரா நீட்டுவாங்களா?

"கீழ நோட்டீஸ் பாக்கலையாம்மா? மெயில் போடு"ன்னேன்.

"போட்டேன் சார். திரும்பி வந்துருச்சு."

"திரும்பித்தான் வரும். இடமில்ல. அந்த வேலையத்தான நான் பாத்துட்டிருக்கேன்? முடிஞ்சதும் சொல்றேன், அப்பப் போடு."

"சார், ஒரு நிமிசம் கீழ வந்து மூடியத் தொறந்து பாத்தீங்கன்னா..."

"வாயில சொல்றதுக்கெல்லாம் நான் எறங்கி வர ஆரம்பிச்சா, அப்பறம் சட்டம் எதுக்கும்மா?"

பாட்டிலத் தூக்கிட்டுப் போயிட்டா. நான் மரியாதையாத்தான் பேசுனேன், கவனிச்சுக்கோங்க. அப்பறம் என்னென்னமோ சொன்னாங்க.

ரெண்டு நாள் கழிச்சு என்ற வீட்டுக்காரி ஆரம்பிச்சா. தெய்வானைன்னு பேரு. அடுப்படில நின்னுட்டு, "ஏனுங்க, அந்தப் புள்ள சொன்னது நெசந்தான். அரிசி களையறப்ப நாறுது"ங்கறா. உனக்கொரு சட்டம் ஊருக்கொரு சட்டம்னு இருக்க முடியுமா? "நீயும் மெயில் போடு"ன்னேன். சும்மா ஒரு பேச்சுக்குச் சொன்னதுதான்.

அவ போட்டுட்டாங்க! போன்ல பேரன் படம் பாக்கறதத் தவிர ஒன்னும் தெரியாதவ. ரெஜினா வீட்டுக்குப் போய்க் கத்துட்டு வந்து, கொழாயத் தொறந்து உட்டு ஒரு படம் எடுத்து, என்ற பேருக்கு அனுப்பியிருக்கா. நான் கூடத்துல உக்காந்திருக்கேன், அவ அடுப்படில இருந்து அனுப்பறா. அது திரும்பி அவளுக்கே வந்துருச்சு. போனக் கொண்டாந்து என்ற முன்னால நீட்டுனா.

"உங்க கூட ஒரே வீட்டுல இருக்கறேன். எனக்கே இடமில்லைன்னு வருதுங்க."

பாத்தேன். சப்ஜெக்ட் போடாம அனுப்பியிருக்கா. அதச் சொன்னேன். "மொதல் தடவைங்கறதுனால மன்னிக்கலாம், அடுத்த தடவை சப்ஜெக்ட் போடோணும்"னேன். அவ நேராக் கடைக்குப் போய் கேன் தண்ணி ஒன்னு கொண்டு வரச் சொல்லிட்டு வந்தா. கீழ ரெஜினா வீட்டுக்கும் ஒரு கேன் சொன்னாளாம். ஆனா அதுக்குள்ள அந்தக் கொழந்தை குடிச்சிருந்திருக்குது.

அதெல்லாம் எனக்கு எப்படிங்க தெரியும்? என்ற மெயில்ல ஒன்னும் வரலையே.

அந்தக் குப்பைத்தொட்டியையும் மறுக்கா ஒவ்வொன்னாப் பாத்து, ரெண்டு மூணு வாரம் கழிச்சுக் காலி பண்ணி முடிச்ச அன்னைக்கு எனக்கு வந்த நிம்மதி இருக்குது பாருங்க! செவப்பெழுத்து போயிருச்சு. பாதிக்கு மேல இடம். மில்லுல வருசக் கணக்கு முடிச்ச மாதிரி ஒரு இது. காப்பி போடச் சொல்லிக் கூப்புட்டேன், தெய்வானை வீட்டுல இல்ல. எங்க போனாளோன்னு நானே போட்டுக் குடிச்சுட்டு, எல்லாருக்கும் ஒரு மெயில் அடிச்சேன். "செயலாளரின் மெயில் சுத்தம் செய்யப்பட்டுவிட்டது. இனி புகார்களை அனுப்பலாம்."

அனுப்பிக் கைய எடுக்கல. டிங்குனுச்சு. ரெஜினா.

எழுத்தே இல்ல. சப்ஜெக்ட் இல்ல. ஒரு படம் மட்டும். தொறந்தேன். மொதல்ல என்னன்னு புரியல. ஸ்கிரீன் பூரா மஞ்சளா இருந்துச்சு. அப்பறம் பாத்தா, ஒரு கண்ணு. கொழந்தையோட கண்ணு. யாரோ விரல்ல கீழ் இமைய இழுத்துப் புடிச்சு எடுத்திருக்காங்க. வெள்ளை இருக்க வேண்டிய எடம் பூரா மஞ்சக் கொழம்பாட்டம். ஓரத்துல ஆஸ்பத்திரிக் கட்டில்.

எவ்வளவு பெரிய படம் தெரியுங்களா அது? சின்னதாக்கவே இல்ல. அப்படியே முழுசா அனுப்பியிருக்கா. நான் டக்குனு மூடிட்டேன். அதையும் மத்ததப் போலவே ஒரு பக்கம் தள்ளிட்டிருக்கலாம். ஆனா... சரி, உடுங்க.

இமைய இழுத்துப் புடிச்சிருந்த விரல்ல தெய்வானையோட மோதிரம் இருந்துச்சுங்க. அப்பத்தான் எனக்குத் தெரிஞ்சுது அவ எங்க போயிருக்கான்னு.

மத்தியானமே எல்லாம் மேல ஏறி வந்துட்டாங்க. தாமோதரன் முன்னால. எவ்வளவு கத்தல்ங்கறீங்க! "மஞ்சக்காமாலைங்க, இன்னும் மூணு வீட்டுல வயித்தால போகுதுங்க, நீங்க மெயில் சுத்தம் பண்ணிட்டிருக்கீங்களா?" ஏன்யா, அந்த மெயில நிரப்புனது யாரு? தீப்பெட்டிய வெச்சுப் படம் எடுத்தது நானா? உங்க நாய்க்கும் எலிக்கும் இடம் போயிட்டதுனாலதான அந்தப் பொண்ணோட மெயில் உள்ள வர முடியல? நேராக் கேட்டேன். 

பதிலுக்கு என்ற கையப் புடிச்சுக் கீழ கூட்டிட்டுப் போனாங்க. சம்ப்போட மூடியத் தொறந்தாங்க. மழைக்கு செப்டிக் டேங்க் பைப்பு ஒடஞ்சு, செவுத்துல கசிஞ்சு, நேரா உள்ள... வேண்டாந் தம்பி, நீங்க இன்னும் சாப்புடலைன்னு நெனக்கறேன். நான் அங்கீயே குனிஞ்சு வாந்தி எடுத்துட்டேன். அதை ஒருத்தன் படம் எடுத்தான் பாருங்க! அதான் சொல்றேன், சனங்களா இதுக.

கொழந்தை பொழைச்சுக்குச்சு. ரொம்ப நாள் ஆஸ்பத்திரில இருந்துச்சு. தெய்வானை அங்கீயேதான் கெடந்தா, ரெஜினாவுக்குத் தொணையா. வீட்டுக்கு வருவா, குளிப்பா, கஞ்சி வெச்சு எடுத்துட்டுப் போயிருவா. எங்கிட்ட ஒரு வார்த்தை திட்டலைங்க. திட்டியிருந்தா நானும் பதில் சொல்லியிருப்பேன். எல்லாத்தையும் எடுத்து வெச்சிருந்தேன், எந்தத் தேதிக்கு எது வந்துச்சு, எது திரும்பிப் போச்சுன்னு. அவ கேக்கவே இல்ல.

அப்பறம் மீட்டிங் போட்டு என்னைய எறக்கிட்டாங்க. அது போகுது. யாரச் செக்ரட்டரி ஆக்குனாங்கன்னு நெனக்கறீங்க? என்ற வீட்டுக்காரிய! ரெஜினாதான் பேரு சொன்னாளாம், எல்லாரும் கைதூக்கிட்டாங்க. இவ எந்திரிச்சு, "எனக்கு மெயில் பாக்கத் தெரியாதுங்க. வந்து கதவத் தட்டுங்க, இல்லைன்னா நானே வர்றேன்"னு சொல்லிட்டா. அவ்வளவுதான் பேச்சு. அதுக்குக் கைதட்டல் வேற.

இப்ப அவ பொழப்பப் பாருங்க. விடிஞ்சா வாளியோட எறங்கிர்றா. எலி செத்துக் கெடந்தா ஒரு பேப்பர்ல எடுத்துப் போடறா. நாய் பண்ணுனத மண்ணப் போட்டு வாரிக் கொட்டறா. ஒரு நாள் தாமோதரனையே கூப்புட்டு முறத்தக் கைல குடுத்துட்டாளாம், அந்தாளும் வாயப் பொத்திட்டு வாருனாராம். மாசத்துக்கொருக்கா சம்ப்பு தண்ணிய எறைச்சுப்போட்டு, ஏணியப் போட்டு, மேல ஒருத்தர டார்ச் அடிக்க வெச்சுட்டு, அவளே உள்ள எறங்கி, செவுத்துல கசிவை அடைச்சுப் பூசுன எடத்த வெரல்ல தட்டித் தட்டிப் பாக்கறா. அறுபது வயசு ஆகப் போகுதுங்க அவளுக்கு. மேல வந்து அதே கையில எனக்கு இட்லி வெக்கறா. சோப்பு போட்டுக் கழுவறாதான். இருந்தாலும் எனக்கு எறங்க மாட்டேங்குது. வீடு பூரா அந்த ஜெனிலா வேற. ஸ்கூல் உட்டா நேரா எங்க வீட்டுக்குத்தான் வருது. மோரக் குடிச்சுட்டு டம்ளர அப்படியே மேசைல வட்டமா ஈரத்தோட வெச்சுட்டுப் போகுது.

எதையும் வாயில சொல்லி மல்லுக்கு நிக்க வேண்டாம்னு நான் முறையா மெயில் போட்டேன். செயலாளர் அவர்களுக்குன்னு போட்டு, சப்ஜெக்ட் எல்லாம் போட்டு. ஒன்னா ரெண்டா! ஒன்னையும் தொறக்கலைங்க. "ஏபுள்ள, மெயில் பாத்தியா"ன்னா, "எதுத்தாப்பல உக்காந்திருக்கீங்க, சொல்லுங்களேன்"ங்கறா. எதுத்தாப்பல உக்காந்துட்டு எப்படிங்க சொல்றது?

அதான் இன்னைக்கு முடிவு பண்ணிட்டேன். இந்த அசிங்கத்துல இனி இருக்க முடியாது, மக வீட்டுக்குப் போறேன், தேட வேண்டாம்னு விவரமா எழுதி அனுப்பிப்போட்டு, அவ கீழ எறங்குன நேரம் பாத்துக் கெளம்பி வந்துட்டேன். இன்னேரம் பாத்திருக்கோணும். பாத்திருந்தாக் கூப்புட்டிருப்பா.

சித்த இருங்க, போன் அடிக்குது. அவதான். பாத்துட்டா போல இருக்குது.

ஆ, சொல்லு... பஸ்ஸுல... பஸ்ஸுலதான் புள்ள. மெயில் போட்டிருக்கேன், பாக்கலையா?... அதெல்லாம் வாயில சொல்ல முடியாது, விவரமா எழுதியிருக்கேன், தொறந்து பாரு... என்னது? யாரு வரல?... சரி, தாமோதரனக் கூப்புடு... ஊருக்குப் போயிட்டாரா. ரெஜினா?... ஓ. வேலைக்கா... டார்ச்சா? நான் எதுக்கு?... ஏன், தண்ணிய எறைச்சாச்சுன்னா நாளைக்குப் பாத்தா என்ன?... இல்ல புள்ள, நான் எங்க போறேன்னா... இல்ல. ஒன்னுமில்ல. சும்மா சூலூர் வரைக்கும். காத்தாட... சாப்புடல... ம்... ம். இங்க பாரு, நீ எறங்காத. கேக்குதா? ஏணி வழுக்கும். மேல ஆள் இல்லாம எறங்கறதாவது, பைத்தியமா உனக்கு? மூடியத் தொறந்து வெய்யி, காத்துப் போகட்டும். நான் வர்ற வரைக்கும் நீ கால உள்ள வெக்கக் கூடாது. சத்தியமாச் சொல்லு... ஆங். வெய்யி.

சம்ப்புக்குள்ள எறங்கறாளாம்ங்க. மேல நின்னு டார்ச் அடிக்க ஒரு ஆளில்லையாம். நான் போய் அந்த ஓட்டைக்குப் பக்கத்துல குனிஞ்சு நிக்கோணும், மூஞ்சிய நேரா உள்ள நீட்டிட்டு. நெனச்சாலே கொமட்டுதுங்க. கருமம், கருமம். ஏனுங்க கண்டக்டர்! ஏனுங்க! பல்லடம் எல்லாம் வேண்டாம், அந்த முக்குலயே நிறுத்துங்க. நிறுத்துங்கன்னா!

கால சித்த மடக்குங்க தம்பி, நான் எறங்கோணும்.